பொய் ரிப்பேர்

பெரியவரோடு சேர்ந்து பாதிக் கடையும் போய்விட்டது என்பது சின்னவருக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

சாமான்களெல்லாம் வைத்த இடத்தில்தான் இருந்தன. ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை அது. ஒரே ஊருக்குள் மூன்று கிளைகள். பழைய கம்ப்ரசர்கள் அலமாரியில், கேஸ் சிலிண்டர்கள் சுவரோரம், திருப்புளிகள் தகரப் பெட்டியில். காணாமல் போனது வேறு. எந்த வீட்டு மெஷினை எப்போது திறந்தார்கள், உள்ளே எதை மாற்றினார்கள், எந்த வீட்டு மாடிப்படி குறுகல், எந்த வீட்டில் மத்தியானம் குழந்தை தூங்கும், மணி அடிக்காமல் கதவைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அண்ணனின் தலைக்குள் இருந்தன. தொலைபேசி அடிக்கும். "நான்தாங்க பேசறேன்" என்பார் ஒருவர், பெயர் சொல்லாமல். "என்னங்க, மறுபடியும் தண்ணி ஒழுகுதா?" என்பார் பெரியவர். இப்போது அதே "நான்தாங்க" வந்தால் சின்னவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு முழித்தார்.

மார்வலி என்று உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. இன்னாருக்கு இன்ன வேலை பாக்கி என்று ஒரு வார்த்தை சொல்லவும் அவகாசம் இருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் இரண்டு கிளைகளிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் ஒரே வீட்டுக்குப் போய் வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். யார் வேலை என்று அங்கேயே வாக்குவாதம். அந்த வீட்டுக்காரம்மா இருவருக்கும் டீ கொடுத்து, "நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதே நாளில் யாரும் போகாத வீடு ஒன்றும் இருந்தது. அந்த வீட்டு வாஷிங் மெஷினில் ஊறிப்போன துணிகளை வாளியில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்து கல்லாவுக்கு எதிரில் வைத்துவிட்டுப் போனார் வீட்டுக்காரர்.

அண்ணி அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் இருந்தபோதே கடைத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டவர் அவர். போன பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்படியே போனா கடையை மூடிட்டு நாமளே யார் வீட்லயாவது துணி துவைக்கப் போகலாம், தம்பி" என்றார். "அவர் தலையை யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. வேற வழி பாருங்க."

வழி, ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தது. சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு டேட்டாபேஸ் அமைத்துக் கொடுக்கும் பெண். வாயைத் திறந்தால் "ஒரே தடவை" என்பாள். அதனால் கடையில் அவள் பெயரே 'ஒரே தடவை' ஆகிவிட்டது.

"இப்ப ஒருத்தர் வீடு மாறிட்டார்னு வெச்சுக்குங்க சார். எத்தனை இடத்துல திருத்தணும்?"

"மூணு கடையிலயும் மூணு நோட்டு. அப்புறம் மெக்கானிக்குங்க செல்போன்."

"இதுல ஒரே தடவை. ஒரு இடத்துல திருத்தினா எல்லாக் கடையிலயும் திருந்திடும். ஒரு ஆளுக்கு ஒரு பதிவு. அவர் வீட்டு மெஷின், நாம போன தேதி, மாத்தின பாகம், யார் போனாங்க, எல்லாம் அந்தப் பேருக்குக் கீழ வந்து உக்காந்துடும். எந்தக் கிளையில கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சர்வீஸ் பண்ற நேரம் வந்தா அதுவே அவங்களுக்குச் செய்தி அனுப்பிடும். நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்."

ஏசிகளுக்கு கேஸ் நிரப்பியே தலை நரைத்த மூத்த மெக்கானிக்கை எல்லோரும் கேஸ் மாமா என்பார்கள். அவர் வாசலில் நின்றபடி கேட்டார்: "ஏம்மா, தப்பா எழுதிட்டா?"

"தப்பும் எல்லாக் கடையிலயும் தெரியும் மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவரும் சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்று கடை நோட்டுகளையும் உட்கார்ந்து ஏற்றினார்கள். ஆனால் நோட்டுகளில் பாதிப் பேருக்கு முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. அவை இருந்தது பெரியவரின் கைபேசியில். "அதைக் குடுங்க சார், எல்லா எண்ணையும் ஒரே தடவை இழுத்துக்கலாம்" என்றாள் அவள். அண்ணி உள்ளே போய்ப் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கைபேசியில் ஒருவருக்கும் உரிய பெயர் இல்லை.

வேலை முடிந்த சாயங்காலங்களில் பட்டறையில் உட்கார்ந்து அண்ணன் தம்பி இருவரும் செய்த காரியம் அது. பெரியவரின் கையெல்லாம் கிரீஸ். "நீயே போட்டு வைடா" என்று கைபேசியைத் தம்பியிடம் தள்ளுவார். பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? வீட்டை வைத்து, மெஷினை வைத்து, ஆளின் வாயை வைத்துத்தான் ஞாபகம். நாய் வீடு. டீ தராத வீடு. மூணாம் மாடி மூச்சிரைப்பு. கஞ்சன் ஏசி. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இருவர் தனித்தனியாக மெஷின் வைத்திருந்ததால் மாமியார் மெஷின், மருமகள் மெஷின். பெரியவர் வைத்தவை பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே இருக்கும். ஆளைக் குத்துகிற பெயரெல்லாம் சின்னவருடையது. "உனக்கு வாய் நீளம்டா" என்பார் அண்ணன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. சில சமயம் சிரிக்கவும் மாட்டார். "வேண்டாம்டா, பாவம்" என்பார். அதற்குள் சின்னவர் அழுத்தி முடித்திருப்பார்.

அண்ணிக்குப் பெரியவர் தன் கையாலேயே பதிந்த பெயர்: ஹெட் ஆபீஸ்.

இரண்டு நாளில் அவள் ஒரு கோப்பை அனுப்பினாள். கூடவே ஒரு குறிப்பு: "சார், பேர் இருக்கிற வரிசையை மட்டும் ஒருமுறை முழுசாப் பார்த்துடுங்க. எல்லாருக்கும் செய்தி போறது அந்தப் பேர்லதான்."

சின்னவர் கோப்பைத் திறந்தார். முதல் பெயர் 'அம்மாடி வீடு'. எதைச் சொன்னாலும் அம்மாடி என்று மார்பில் கை வைக்கும் ஒரு அம்மாவுக்கு அண்ணன் வைத்தது. அண்ணன் அந்த அம்மாவைப் போலவே கை வைத்துக் காட்டுவார். பட்டறை விளக்கடியில் அவர் தோள் குலுங்குவது அப்படியே கண்ணில் வந்தது. அடுத்த பெயரைப் படிக்க முடியவில்லை. கோப்பை மூடினார். "பார்த்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு" என்று பதில் எழுதினார்.

அந்த ஒரு வரிதான். அது பொய் என்று அவருக்கு அப்போதே தெரியும்.

கோடை தொடங்கும் வாரம் பார்த்து முதல் செய்தி போயிற்று. சொன்னது சொன்னபடி, டேட்டாபேஸ் ஒருவரையும் விடவில்லை.

'அன்புள்ள கஞ்சன் ஏசி அவர்களுக்கு, வணக்கம். தங்கள் மெஷினுக்குச் சர்வீஸ் செய்யும் காலம் வந்துவிட்டது.'

'அன்புள்ள மூணாம் மாடி மூச்சிரைப்பு அவர்களுக்கு, வணக்கம்.'

சின்னவரின் கைபேசியும் சிணுங்கிற்று. ஊரில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்த அந்தக் கைபேசியில் அவர் பெயர் வெறும் 'தம்பி' என்றுதான் இருந்திருக்கிறது. 'அன்புள்ள தம்பி அவர்களுக்கு' என்ற வரியை இரண்டு தடவை படித்தார். அடுத்த கணம்தான் மண்டையில் உறைத்தது. அப்படியென்றால் மற்றவர்களுக்கு?

கடைத் தொலைபேசி அடித்தது. மற்ற இரண்டு கிளைகளிலும் அடித்தது. அண்ணி எடுத்தார். எதிர்முனையில் கத்தியது வாசல்வரை கேட்டது.

"மருமக மெஷின்னா என்னம்மா அர்த்தம்? எனக்குப் பேர் கிடையாதா? இந்தச் செய்தியை எங்க மாமியார் படிச்சுட்டு என்னையப் பார்த்து சிரிக்குதும்மா!"

"உங்க மாமியாருக்கும் வந்திருக்கும் பாருங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர்முனையில் ஒரு சிரிப்பு. அந்த அழைப்பு அப்படிப் பிழைத்தது. மற்றவை பிழைக்கவில்லை.

நாய் வீட்டுக்காரர் நேரிலேயே வந்தார். கோபப்படவில்லை. "நாய் போன வருஷமே செத்துப்போச்சு, தம்பி. பேரை மாத்திடுங்க" என்றார். சின்னவர் அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். கஞ்சன் ஏசி, தான் கட்டியிருந்த வருடாந்திர சர்வீஸை ரத்து செய்துவிட்டு, "இப்ப கஞ்சத்தனம் பண்றது யாரு?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் மூன்று கிளைகளிலும் மெக்கானிக்குகள் தொலைபேசியைப் பார்த்தாலே விலகி நின்றார்கள்.

சின்னவர் பின்பக்கப் பட்டறைக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். எல்லோருக்கும் போகிற மாதிரி இரண்டாவது செய்தி எழுதினார். இந்தத் தடவை பெயர் வேண்டாம் என்று அந்த இடத்தை எடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி. அது வெறுமையாக இருந்தது. எவன் வைத்தான் என்று கேட்பார்களே? விரல் தானாக ஓடியது: 'இவை மறைந்த எங்கள் அண்ணன் தமது கைபேசியில் ஞாபகத்துக்காகப் பதிந்து வைத்திருந்த பெயர்கள். தவறுதலாகச் செய்தியில் சேர்ந்துவிட்டன. பெரியவரைப் பெரிய மனதோடு மன்னிக்க வேண்டுகிறோம்.'

வரிக்கு வரி பார்த்தால் பொய் என்று காட்ட ஒரு சொல் இல்லை. கைபேசி அண்ணனுடையதுதான். ஞாபகத்துக்குத்தான். அழுத்தினார்.

நன்றாக வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஒரு மணி நேரத்தில் அழைப்புகளின் சுருதி இறங்கிவிட்டது. "சரி விடுங்க, போனவரை என்ன சொல்றது" என்றார்கள். "ஜாலியான மனுஷன், அவருக்குள்ள இப்படி ஒரு ஆளு இருந்திருக்காரு பாருங்க" என்றார்கள். கஞ்சன் ஏசிகூட ரத்து செய்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வியாபாரம் தப்பித்தது. கூடவே ஒருவர், "வீட்டுக்கு வந்து அப்படிச் சிரிச்சுப் பேசினதெல்லாம் இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அந்த அழைப்புகள் எல்லாவற்றையும் எடுத்தது அண்ணி. சின்னவர் கடைக்கும் பட்டறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு, பூட்டாமல், கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. அவர்தான்... இல்லைங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டு இல்ல... அவர் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்... ஆமாங்க."

அண்ணிக்கு எல்லாம் தெரியும். சாயங்காலங்களில் பட்டறைக்கு டீ கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். எந்தப் பெயர் எந்த வாயிலிருந்து வந்தது என்று பக்கத்தில் நின்று கேட்டவர்.

கடை சாத்தும்போது சாவியை நீட்டிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"செத்தவர் திருப்பிப் பேச மாட்டார்ங்கறது ரொம்ப வசதிதான், இல்ல தம்பி?"

சின்னவர் சாவியை வாங்கவில்லை. அண்ணி அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் தம்பியிடம் கடை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அவரை நேராக நிமிர்ந்து பார்க்கவும் சின்னவருக்குக் கூசியது. ஒரே கூரைக்குக் கீழ், ஒரே தடுப்புக்கு இரு பக்கமும், இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்க உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர்களைத் திருத்த 'ஒரே தடவை' மறுபடி வந்தாள். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. 'பார்த்தாச்சு' என்ற பதில் அவளிடம் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அதுவும் அவரைச் சுட்டது. இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உங்க பேரை எப்படிங்க எழுதணும்?" என்று கேட்டுக் கேட்டு மாற்றினார்கள். சொல்லும்போது சிலர் குரல் விறைத்திருந்தது. சிலர் எழுத்து எழுத்தாகச் சொன்னார்கள், இனியும் தப்பு வரக் கூடாது என்பதுபோல.

"ஹெட் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு சார். எந்தக் கம்பெனி?"

தடுப்புக்கு அப்பாலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "அதைத் தொடாதம்மா."

அவள் தொடவில்லை. அடுத்த பெயருக்கு வந்தாள்.

"பொய் ரிப்பேர். இது யாரு சார்?"

சின்னவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நூலகர் அம்மா. அப்பாவோட இருக்காங்க. ஃபிரிட்ஜ் நின்னுடுச்சு, ஃபிரிட்ஜ் நின்னுடுச்சுன்னு சும்மா சும்மா கூப்பிடுவாங்க. போனா ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கும்."

"போன் எடுக்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பதிவை முழுவதுமாக விரித்தாள். மூன்று நோட்டுகளிலிருந்தும் ஏறியவை, தேதிவாரியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. சந்தைக் கிளையிலிருந்து ஒருவர் போயிருக்கிறார். பஸ் நிலையக் கிளையிலிருந்து ஒருவர். பிறகு கேஸ் மாமா. பிறகு சின்னவரே. ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தன் கடை நோட்டில் ஒரே வாக்கியத்தை எழுதி வைத்திருந்தார்கள்: 'நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். போனபோது ஓடியது. பழுது இல்லை.'

"எல்லாமே மத்தியானத்துல வந்த அழைப்பு சார். எல்லாமே வெயில் காலம்" என்றாள் அவள், தன்பாட்டுக்கு.

பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த கேஸ் மாமா தம்ளரைக் கீழே வைத்தார். திரையருகே குனிந்து மறுபடி மேலிருந்து கீழே படித்தார்.

"ரிலேடா" என்றார். "கம்ப்ரசரைக் கிளப்பி விடுற ரிலே. சூடேறினா ஒட்டாது, நின்னுடும். ஆறினா தானா ஒட்டிக்கும். நாம வண்டியை எடுத்துக்கிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள ஆறித் தொலைச்சிருக்கும்." திரையிலிருந்து நிமிர்ந்து, "நானும்தான் பழுது இல்லன்னு எழுதிட்டு வந்திருக்கேன்" என்றார்.

தனித்தனி நோட்டில் தனித்தனிப் பொய்யாக இருந்தவை, ஒரே திரையில் சேர்ந்ததும் ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே உண்மையாக இருந்தன.

சின்னவருக்கு ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. பொய் ரிப்பேர் என்று அவர் சொல்லிக்கொண்டே அழுத்தியபோது பெரியவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா பொய் சொல்ற ஆள் இல்லடா. ஒரு மத்தியானம் பூரா அங்கேயே உக்காந்து பார்க்கணும்" என்றார். "உக்காருங்க, சாப்பாடும் போடுவாங்க" என்று சொல்லித் தம்பி சிரித்தார்.

"செய்தி போனதிலிருந்து இவங்க கூப்பிடவே இல்ல சார்" என்றாள் 'ஒரே தடவை'. "வெயில் இப்பத்தான் உச்சத்துல இருக்கு."

ரிலேயைப் பையில் போட்டுக்கொண்டு சின்னவர் கிளம்பினார்.

கதவைத் திறந்த நூலகர் அம்மா அவரை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசல் நிலையில் கை வைத்து நின்றார்.

"நான் கூப்பிடலையே சார்."

"இல்ல மேடம். நானாத்தான் வந்தேன். ஃபிரிட்ஜைப் பார்க்கணும்."

"அது பொய் ரிப்பேர்தானே? எதுக்கு வீணா அலையறீங்க?"

உள்ளறையிலிருந்து ஓர் இருமல். "யாரும்மா, ஃபிரிட்ஜ்காரங்களா? உள்ள வரச் சொல்லு" என்றது ஒரு முதியவரின் குரல். அந்த அம்மா கையை எடுத்தார்.

சமையலறையில் ஃபிரிட்ஜ் இறந்து கிடந்தது. கதவைத் திறந்து, உள்ளே எதுவும் இல்லாமல் துடைத்து, ஒரு துணியை மடித்துக் கதவிடுக்கில் வைத்திருந்தார்கள். காது கொடுத்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். ரிலே ஒட்டப் பார்த்து விழுகிற சத்தம். இந்தத் தடவை அது ஆறியும் எழுந்திருக்கவில்லை.

"எப்பலேர்ந்து மேடம்?"

"உங்க செய்தி வந்து நாலஞ்சு நாள்ல."

"வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

"அவங்களும் ஒரு பேர் வைப்பாங்க."

சின்னவர் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்துத் திருப்பினார். பின்தட்டைக் கழற்றும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொள்ள முடிந்தது. அந்த அம்மா நின்றபடியே பேசினார். அப்பாவுக்குத் தினம் ஊசி போட வேண்டும். மருந்து குளிரில் இருக்க வேண்டும். ஒரு கோடையில் தெரியாமல் கெட்டுப்போன மருந்தைப் போட்டு அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க நேர்ந்தது. அதிலிருந்துதான் ஃபிரிட்ஜின் சத்தம் நின்றாலே மகளுக்கு மூச்சு நிற்கும், உடனே தொலைபேசியை எடுப்பார். இப்போது மருந்து மேல்வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. வேளைக்கு வேளை மாடி ஏறி, கதவைத் தட்டி, பல்லைக் காட்டி வாங்கி வர வேண்டியிருக்கிறது.

"நூலகத்துல ஒரு புத்தகத்தைத் தப்பான பேர்ல பதிஞ்சுட்டா, அது இருந்தும் இல்லாததுதான் சார். கேக்கறவங்களுக்கு இல்லன்னுதான் சொல்லுவோம். எத்தனை தடவை கேட்டாலும். எனக்கு அது தெரியும். அதனால உங்க பேர் வெச்ச வேலை எனக்குப் புரிஞ்சுது. புரியாதது ஒண்ணுதான். உங்க அண்ணன் எங்க அப்பா பக்கத்துல உக்காந்து மணிக்கணக்காப் பேசுவார். அவர் போயிட்டார்னு சொன்னப்ப அப்பா அழுதார். அப்படிப்பட்ட மனுஷன் வெளிய போய் இப்படி எழுதி வெச்சிருக்கார்னு... அப்பாகிட்ட நான் அதைச் சொல்லல. சொன்னா தாங்க மாட்டார்."

சின்னவரின் கையில் திருப்புளி நின்றது. ரிலே கழன்று வந்திருந்தது. ஒரு பக்கம் கருகி, விரலில் கரி ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பேரை வெச்சது அண்ணன் இல்ல மேடம். நான். அவர் வேண்டாம்னார்."

பின்னாலிருந்து ஒரு காலடி கிட்டே வந்தது.

"அப்போ ரெண்டாவதா வந்த செய்தி? அண்ணன் வெச்ச பேர்னு?"

"அதுவும் நான் எழுதினதுதான்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருக்க முடியாது. புதிய ரிலேயைச் செருகினார், தட்டை மூடினார், பிளக்கைப் போட்டார். கம்ப்ரசர் ஒரு முறை உறுமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கதவிடுக்கிலிருந்த துணியை எடுத்து மடித்தார்.

"எனக்கு வெச்ச பேரை நான் மறந்துடுவேன், தம்பி" என்றார் கடைசியில். "ரெண்டாவதுதான் பெரிசு. அதை என்கிட்ட மட்டும் தனியாச் சொன்னா எப்படி? அது ஊருக்கே போச்சே."

சின்னவர் தலையாட்டினார்.

"குளிர்ந்ததும் மருந்தை எடுத்து உள்ள வைங்க மேடம். ஒரு ராத்திரி ஓடட்டும்."

"சரி. இதை உங்க கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்கதானே?"

"ஏத்துவேன்."

"நிஜ ரிப்பேர்னு எழுதிக்குங்க."

கடைக்குத் திரும்பியதும் அவர் முதலில் அந்தப் பதிவைத்தான் திறந்தார். அந்த அம்மாவின் சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கி வந்திருந்தார், போட்டார். கீழே: 'கம்ப்ரசர் ரிலே பழுது. நெடுநாளாக இருந்திருக்கிறது. மாற்றப்பட்டது. வீட்டில் குளிரில் வைக்க வேண்டிய மருந்து உண்டு. அழைத்தால் உடனே போகவும்.' ஒரே தடவை எழுதினார். மூன்று கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அண்ணன் தலைக்குள் இருந்தவற்றில் ஒன்று, காலம் தாழ்த்தி, வெளியே வந்திருந்தது.

பிறகு 'அனைவருக்கும்' என்ற இடத்தைத் திறந்தார். இப்போது எல்லாப் பெயர்களும் சரியாக இருந்தன. பெயரோடுதான் போக வேண்டும். எழுதினார், அழித்தார். விளக்கமாக எழுதினால் சாக்குப்போக்காக இருந்தது. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'அன்று தங்களுக்கு வந்த பெயர்களில் மனம் நோகச் செய்தவை என் அண்ணன் வைத்தவை அல்ல. அவற்றை வைத்தவன் நான். அவர் பெயரைச் சொல்லி ஒளிந்துகொண்டவனும் நான். அவர் உங்கள் வீடுகளில் சிரித்தது நிஜச் சிரிப்பு. - தம்பி.'

இரண்டாவது செய்தியை அழுத்த அவருக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. இதை அழுத்தக் கை வரவில்லை. நாளைக்குக் கஞ்சன் ஏசி வந்து நிற்பார். மெக்கானிக்குகள் படிப்பார்கள். தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. காது மடல் சுட்டது. தடுப்புக்கு அப்பால் அண்ணி யாரிடமோ, "ஆமாங்க, அவர்தான்..." என்று தொடங்கினார்.

அழுத்தினார்.

அண்ணியின் கைபேசி மேசைமேல் சிணுங்கியது. அவர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே அதை எடுத்துப் பார்ப்பது தடுப்பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முதல் வரி சின்னவருக்குத் தெரியும். 'அன்புள்ள ஹெட் ஆபீஸ் அவர்களுக்கு.' அதிலேயே வெகுநேரம் நின்றார். பிறகு கீழே படித்தார். பேசிக்கொண்டிருந்தவரிடம், "இல்லைங்க. அவர் இல்ல" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. மற்ற இரண்டு கிளைகளிலும் அடிக்கத் தொடங்கியது.

அண்ணி தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு, வயர் வருகிற மட்டும் இழுத்து, தடுப்பைச் சுற்றி வந்து, அவர் முன்னால் மேசைமேல் வைத்தார்.

"எடுங்க தம்பி" என்றார். "இது உங்களுக்கு."

சின்னவர் எடுத்தார்.